குற்றம் என்று யார் சொன்னது? பிறழ்வுச் சமூகவியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

1897-இல் கமுதியில் நாடார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் அரசர் தரப்பு அவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், நுழைந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 1908-இல் முடிந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித் மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது காற்று மாறியிருந்தது. அதில் சம்பந்தப்பட்டவர்கள் மீது வழக்குப் பாயாமல் காக்க அரசே சட்டம் கொண்டுவந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்த பிறகு, கோயிலுக்குள் போகிறவரைத் தடுப்பவர்தான் குற்றவாளி.

கோயில் மாறவில்லை, உள்ளே போய்க் கும்பிடுவது என்ற செயலும் மாறவில்லை. அறுபது ஆண்டுகளுக்குள் குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் இடம் மாறிவிட்டார்கள். எது மாறியது, யார் மாற்றினார்கள், எப்படி? பல்கலைக்கழகத்தில் 'பிறழ்வும் குற்றமும்' என்ற தலைப்பில் சமூகவியல் மாணவர்கள் படிக்கும் தாளின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

சட்டம் படிப்பவர் ஒரு செயலைப் பார்த்ததும் எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று யோசிப்பார். உளவியல் படிப்பவர் அந்த ஆளின் மனதுக்குள் என்ன நடந்தது என்று தேடுவார். சமூகவியல் மாணவர் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். இந்த விதியை யார் போட்டார்கள்? அது யார் மீது பாய்கிறது, யாரைக் கண்டும் காணாமல் விடுகிறது? பிடிபட்டவரின் வாழ்க்கை அதன்பிறகு என்ன ஆகிறது?

பிறழ்வும் குற்றமும் ஒன்றல்ல

முதல் வகுப்பிலேயே தெளிவாக வேண்டிய விஷயம் இது. சமூகத்தின் எதிர்பார்ப்பை மீறியதாகப் பிறர் பார்க்கும் நடத்தை பிறழ்வு. சட்டத்தை மீறுவது குற்றம். இரண்டும் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படியும், பல இடங்களில் படியாது. ஹெல்மெட் போடாமல் பக்கத்துத் தெருவுக்குப் போவது சட்டமீறல், ஆனால் அதற்காக யாரும் ஒருவரோடு பேச்சை நிறுத்திவிடுவதில்லை. சாதி மாறித் திருமணம் செய்துகொள்வது சட்டம் தரும் உரிமை, ஆனால் எத்தனையோ ஊர்களில் அதற்குக் கிடைக்கும் தண்டனை ஊர்விலக்கம், சில நேரம் கொலை. ஆணவக் கொலை செய்தவர்கள் பலர் தங்களை விதியைக் காத்தவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கண்ணில் மீறியவர்கள் அந்தத் தம்பதிதான். சட்டம் ஒருபுறமும் சாதி மறுபுறமும் நின்று 'நீதான் குற்றவாளி' என்று எதிரெதிராகச் சுட்டுகிற இடம் அது. இந்த முரணை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி கைக்கு வந்த மாதிரி.

காலமும் இடமும் மாறும்போது கோடும் நகரும். 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அப்போது அங்கே கள் இறக்கி விற்றவர் குற்றவாளி. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பதே அரசு நிறுவனம்தான். வயதுவந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொத்து உடலுறவு கொள்வதைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை, அந்த அளவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. முந்தைய நாள்வரை குற்றவாளிகளாக இருந்தவர்கள் மறுநாள் எதையும் மாற்றிக்கொள்ளாமலே குற்றமற்றவர்கள் ஆனார்கள். சட்டம் அவர்களை விட்ட பிறகும் வீடும் தெருவும் பல இடங்களில் விடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

துர்கைம் சொன்ன அதிர்ச்சியான விஷயம்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-இல் ஒரு கருத்தை வைத்தார்: குற்றம் இல்லாத சமூகம் கிடையாது, ஆகவே குற்றம் சமூகத்தின் இயல்பான பகுதி. முழுக்க முழுக்க மகான்கள் மட்டுமே வாழும் ஒரு மடத்தைக் கற்பனை செய்யச் சொன்னார். அங்கே கொலை, கொள்ளை இருக்காது. ஆனால் நாம் பொருட்படுத்தாத சின்னத் தவறுகளை அவர்கள் பெரும் பாவமாகக் கருதித் தண்டிப்பார்கள். கோடு இருக்கும்வரை கோட்டுக்கு வெளியே யாராவது நிற்பார்கள்.

இயல்பானது என்றால் நல்லது என்று பொருளில்லை. தேர்வில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு மீறலைக் கண்டு ஊரே கொதிக்கும்போது நமக்கு எது முக்கியம் என்பதை ஊர் தனக்குத் தானே மறுபடி சொல்லிக்கொள்கிறது என்பதுதான் அவர் வாதம். அதோடு, இன்றைய மீறல் சில நேரம் நாளைய அறத்துக்கு வழி திறக்கும் என்றும் அவர் சொன்னார். அதற்கு அவர் காட்டிய ஆள் சாக்ரட்டீஸ். நமக்கு வேதாரண்யம் இருக்கிறது. 1930-இல் திருச்சியிலிருந்து நடந்துபோய் அங்கே உப்பெடுத்தவர்கள் அன்றைய சட்டப்படி குற்றவாளிகள், சிறைக்கும் போனார்கள்.

ஆசை எல்லோருக்கும், வழி சிலருக்கு

1938-இல் அமெரிக்கரான ராபர்ட் மெர்ட்டன் எழுதிய கட்டுரை இன்றும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கிறது. ஒரு சமூகம் 'பணம் சம்பாதி, மேலே வா' என்ற இலக்கை எல்லோர் தலையிலும் ஏற்றிவைக்கிறது. அதை அடையும் நேர்வழியை எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. இந்த இடைவெளியில்தான் அழுத்தம் பிறக்கிறது. மனிதர்கள் அதை ஐந்து விதமாகச் சமாளிக்கிறார்கள் என்றார் மெர்ட்டன். இலக்கையும் வழியையும் ஏற்றுப் பலர் ஒத்துப்போகிறார்கள். சிலர் இலக்கை மட்டும் வைத்துக்கொண்டு குறுக்கு வழி தேடுகிறார்கள். இலக்கை மறந்துவிட்டுச் சடங்கு மாதிரி வேலைக்குப் போய்வருபவர்கள் உண்டு. இரண்டையும் விட்டு ஒதுங்குபவர்கள் உண்டு. இரண்டையும் தூக்கியெறிந்து வேறொன்றைக் கொண்டுவரப் போராடுபவர்களும் உண்டு. அரசுத் தேர்வு வினாத்தாள் கசிந்தது என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த ஆள் ஏன் கெட்டவரானார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், சில ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேரை ஓடவிட்டது யார் என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

ஏறக்குறைய அதே காலத்தில் சிகாகோவில் கிளிஃபர்டு ஷாவும் ஹென்றி மெக்கேயும் இளம் குற்றவாளிகளின் முகவரிகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். நகர மையத்தை ஒட்டிய ஏழைப் பகுதிகளில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. இதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பகுதிகளுக்கு வந்த குடியேறிகள் அலை அலையாக மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இனத்தார் காலிசெய்து போக இன்னோர் இனத்தார் வந்தார்கள். மக்கள் மாறியும் அங்கே குற்ற விகிதம் உயர்ந்தே இருந்தது. வெளியேறிப் போனவர்களோடு அது கூடவே போகவில்லை. 'அந்த ஜனங்களே அப்படித்தான்' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பெயர் வைத்தால் என்ன ஆகும்

இந்தப் பாடத்தில் எனக்கு மிக நெருக்கமான பகுதி முத்திரையிடல் கோட்பாடு. 1951-இல் எட்வின் லெமர்ட் பிறழ்வை இரண்டாகப் பிரித்தார். ஒருவர் எப்போதோ செய்யும் மீறல் முதல்நிலை. அதற்காக ஊர் அவரை 'திருடன்' என்று கூப்பிடத் தொடங்கி, வேலை கொடுக்காமல், பெண் கொடுக்காமல் ஒதுக்க, அவரும் அந்தப் பெயருக்குள்ளேயே வாழப் பழகுவது இரண்டாம்நிலை. 1963-இல் ஹோவர்டு பெக்கர் இதை இன்னும் கூர்மையாக்கினார். பிறழ்வு என்பது செயலுக்குள் இருக்கும் குணமல்ல, விதியைப் பிறர் ஒருவர்மேல் பொருத்துவதால் விளைவது என்றார்.

1973-இல் வில்லியம் சாம்பிளிஸ் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கண்முன் சாட்சி. அமெரிக்காவில் ஒரே பள்ளியில் இரண்டு பையன் கூட்டங்கள். வசதியான வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர், ஏழை வீட்டுப் பையன்கள் ஆறு பேர். பள்ளிக்கு மட்டம் போடுவது, குடிப்பது, பொருளை உடைப்பது என்று இரு தரப்பும் செய்தார்கள். அவர் கவனித்த இரண்டு ஆண்டுகளில் எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஆறு பேர் ஓயாமல் போலீஸிடம் மாட்டினார்கள். வசதியான பையன்களிடம் கார் இருந்தது, சேட்டையை ஊருக்கு வெளியே போய்ச் செய்தார்கள். மாட்டினாலும் பணிவாகப் பேசத் தெரிந்திருந்தது. பின்னாளில் அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி முடித்து நல்ல நிலைக்குப் போனார்கள். மற்றக் கூட்டத்தில் சிலர் சிறைக்குப் போனார்கள்.

ஆறு பேருக்கு முத்திரை குத்தினால் இப்படி. ஒரு சமூகத்துக்கே அரசாங்கம் முத்திரை குத்தினால்? அதைத் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை.

1871-இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவில். 1911-இல் திருத்தி எழுதப்பட்டதன் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதிகளையும் பழங்குடிகளையும் 'குற்றப் பரம்பரை' என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள் கைரேகையைப் பதிய வேண்டும், காவல்துறை சொல்லும் நேரத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் இதை இன்றும் ரேகைச் சட்டம் என்கிறார்கள். அங்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தை இந்தச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யக் காவல்துறை வந்தபோது பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

இவர்களை ஏன் குறிவைத்தார்கள் என்று கேட்கும்போதுதான் சமூகவியல் தன் பலத்தைக் காட்டுகிறது. கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்தவர்கள். அதற்காக ஊர் அவர்களுக்குக் கூலி கொடுத்தது. தானே காவல்துறை வைத்திருக்கும் அரசுக்கு இப்படி ஒரு காவல் முறை போட்டியாகத் தெரிந்தது. நேற்றுவரை கூலியாக இருந்தது அரசின் ஏட்டில் மிரட்டிப் பறிப்பதாக மாறியது. இதே சட்டத்தில் மாட்டிய குறவர்களின் கதை வேறு. மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் சேர்ந்து அந்தத் தொழிலை எப்படி முறித்தன என்பதை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். பிழைப்பைப் பறித்துவிட்டு, ஓரிடத்தில் தங்காமல் அலைகிறார்கள் என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கினார்கள்.

சென்னை மாகாணம் 1947-இல் இந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் நீங்கியது. அதன்பிறகு இச்சமூகங்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர். ஆனால் சட்டம் போகும்போதே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் மாகாணங்களில் வந்துவிட்டன. காகிதத்தில் அவை தனிமனிதருக்கானவை, நடைமுறையில் பழைய பட்டியலின் நிழல் அவற்றில் விழுந்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் சிறை விதிகளையும் சாடியது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகள் கழித்தும் சிறைக் கையேடுகளுக்குள் அந்த முத்திரை உயிரோடு இருந்திருக்கிறது.

சரி, எல்லாமே முத்திரைதானா? இல்லை. இந்தக் கோட்பாட்டை முதன்முதலாகப் படிக்கும் மாணவர்கள் அதன் கவர்ச்சியில் மூழ்கிவிடுவதைப் பார்க்கிறேன். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்கு அடி உண்மை. அதற்கு யார் என்ன பெயர் வைத்தாலும் வலி மாறாது. முதல் மீறல் ஏன் நடக்கிறது என்பதையும் இக்கோட்பாடு நன்றாக விளக்குவதில்லை. பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுக் குற்றவாளியின் பக்கம் மட்டும் நின்று எழுதும் பழக்கம் இந்தத் துறையில் நீண்ட நாள் இருந்தது. பெண்ணிய ஆய்வாளர்கள்தான் அதை உடைத்தார்கள். டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, நம்மில் பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். குடும்பப் பாசம், இழக்க முடியாத படிப்பும் வேலையும், நேரத்தை நிரப்பும் ஈடுபாடுகள், விதிமேல் நம்பிக்கை ஆகிய நான்கு பிணைப்புகள் நம்மைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். முத்திரையிடல் கோட்பாட்டோடு இதைச் சேர்த்துப் படிப்பது நல்லது.

மேசைக்குப் பின்னால் நடக்கும் குற்றம்

1939-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைமை உரையில் எட்வின் சதர்லாண்ட், குற்றம் ஏழைகளிடம் பிறக்கிறது என்ற நம்பிக்கையைத் தாக்கினார். மரியாதையான பதவியில் இருப்பவர் அந்தத் தொழிலுக்குள்ளேயே செய்யும் குற்றத்துக்கு வெள்ளைக் காலர் குற்றம் என்ற பெயர் அந்த உரையிலிருந்து பரவியதுதான். பிறகு 70 பெரிய நிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949-இல் நூலாகக் கொண்டுவந்தார். வழக்குக்குப் பயந்த பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு முழுப் பதிப்பு வர 1983 ஆனது. குற்றத்தைப் பற்றிய நூலிலேயே யாருடைய பெயரைச் சொல்லலாம் என்பதை அதிகாரம் தீர்மானித்தது. வகுப்பில் நடத்த இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

போபாலையும் இங்கே நினைக்க வேண்டும். 1984 டிசம்பரில் அங்கே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 2010 ஜூனில் அந்த நிறுவனத்தின் இந்திய அதிகாரிகள் சிலருக்குக் கிடைத்த தண்டனை, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பிரிவில் இரண்டு ஆண்டுச் சிறை.

எண்களை எப்படிப் படிப்பது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வந்ததும் 'குற்றங்கள் கூடிவிட்டன' என்று தலைப்பு வரும். அந்த எண்கள் காவல் நிலையத்தில் பதிவானவை மட்டுமே. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றுதான் கணக்கில் ஏறும். புகார் கொடுக்கும் வழி எளிதானால் எண் ஏறும். புகாரைக் காவல் நிலையத்திலேயே திருப்பி அனுப்பினால் இறங்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்களே 14 விழுக்காடுதான். அவர்களிலும் பலர் முதலில் போனது பிறந்த வீட்டுக்கு. ஆகவே பெண்களுக்கு எதிரான வழக்குகள் ஒரு மாவட்டத்தில் குறைவு என்றால், அங்கே பெண்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று உடனே எழுதிவிடாதீர்கள். புகார் கொடுக்கப் பயப்படுகிறார்களா என்றும் பாருங்கள்.

சிறை எண்களும் அப்படித்தான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். சிறைக்குப் போய் நேர்காணல் எடுத்து 'குற்றவாளிகளின் மனநிலை' என்று ஆய்வேடு எழுதுபவர் இதை மறந்தால், நீதிமன்றம் இன்னும் சொல்லாத தீர்ப்பை அவரே எழுதியவர் ஆகிறார்.

படிக்கப் போகிறவர்களுக்கு

குற்றவியலும் பிறழ்வுச் சமூகவியலும் அக்கம்பக்கத்து வீடுகள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே காவல், சிறை, தடயவியல், பாதிக்கப்பட்டோர் நலன் எல்லாம் வரும். சமூகவியல் துறைகளில் இது பெரும்பாலும் ஒரு தாளாக வரும், கோட்பாடும் விமர்சனமும் அதில் கூடுதல். களத்தில் வேலை செய்ய ஆசை என்றால் முதல் வழி, கேள்வி கேட்க ஆசை என்றால் இரண்டாம் வழி.

களஆய்வுக்குப் போகுமுன் ஒன்றை மனதில் வையுங்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள சட்டப் பாதுகாப்பு ஆய்வு மாணவருக்குக் கிடையாது. ஒருவர் நம்பிச் சொன்னது உங்கள் நோட்டிலிருந்து நீதிமன்றத்துக்குப் போக வாய்ப்புண்டு. எனவே பெயர், ஊர், தேதி எதையும் தேவைக்கு மேல் எழுதாதீர்கள். இன்னும் செய்யாத குற்றத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்று வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

தொடக்க மாணவருக்கு எந்த அனுமதிக் கடிதமும் இல்லாமல் கிடைக்கும் நல்ல களம் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். பொதுவாக அங்கே விசாரணை திறந்த மன்றத்தில் நடக்கும், யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கலாம். ஒரு முற்பகல் முழுக்க இருங்கள். யாருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், யார் தனியாக நிற்கிறார், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட யாருக்கு ஆள் வந்திருக்கிறது, யாரை 'வாங்க' என்றும் யாரை 'வா' என்றும் கூப்பிடுகிறார்கள், ஒரு வழக்குக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறியுங்கள். அப்புறம் அறைக்கு வந்து சாம்பிளிஸின் கட்டுரையைப் படியுங்கள்.